மொட்டை மாடியில் ஒரு வழித்தடம்: மரநாய்க்காக விழித்திருந்த பதினாறு மாதங்கள்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில் கரையைக் கடந்தது. சென்னையில் நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்தன. அடையாறில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று. அதற்கு நாலைந்து நாள் கழித்து, கீழ்வீட்டு அம்மா என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: “தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு மாடியில நடக்கறது நீங்களா?”

நான் இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருந்தேன். துணி காயப்போடும் தகரக் கொட்டகை மேல் தொம்மென்று ஏதோ குதிக்கும். பிறகு நிதானமாக ஏழெட்டு அடி நடக்கும். அப்புறம் ஒன்றும் இருக்காது. பூனை குதித்தால் தகரம் இவ்வளவு அதிராது. பெருச்சாளி என்றால் ஓட்டமும் நிறுத்தமுமாக இருக்கும், இப்படி நடக்காது.

மறுநாள் காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கைப்பிடிச் சுவர் மேல் எச்சம் கிடந்தது. விரல் தடிமன், கிட்டத்தட்ட முழுக்க விதை. கையுறை போட்டுக்கொண்டு குச்சியால் பிரித்துப் பார்த்தேன். ஆறு சப்போட்டா விதை. கருப்பாக, பளபளவென்று, ஓரத்தில் அந்தச் சின்னக் கொக்கியோடு, இப்போதுதான் பழத்தைப் பிளந்து எடுத்த மாதிரி ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. கூடவே கடுகைவிடச் சின்னதாக, மணல் போல ஏராளமான விதைகள். அவை தெருமுனைச் சிங்கப்பூர் செர்ரி மரத்துடையவை. துர்நாற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. சுவரோரம் குனிந்தபோது புழுங்கலரிசி வடித்த சோற்று வாசம்தான் வந்தது. அந்த வாசத்தைப் பிறகு பல இரவுகள் அடையாளமாகவே வைத்துக்கொண்டேன்.

பழத்தை மென்று கூழாக்கி, விதையை மட்டும் முழுசாக வெளியேற்றி, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து எச்சமிடுகிற பிராணி நம் ஊரில் மரநாய்தான். பெயரில் நாய் இருந்தாலும் அது நாயும் இல்லை, பூனையும் இல்லை. தனிக் குடும்பம். எடை 2 முதல் 5 கிலோ, உடல் நீளத்துக்கு ஏறக்குறைய சமமாக வால், கண்ணுக்குக் கீழே வெளுத்த திட்டு, முதுகில் கருத்த கோடுகள். புனுகுப்பூனையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். வாலைப் பாருங்கள். வளையம் வளையமாக இருந்தால் புனுகுப்பூனை, வளையமே இல்லாமல் ஒரே கருப்பாக இருந்தால் மரநாய்.

நகரத்தில் காட்டு விலங்கு என்றதும் எல்லோரும் கிண்டி தேசியப் பூங்காவைத்தான் சொல்வார்கள். சரிதான். 2.7 சதுர கிலோமீட்டர் காடு, ஊருக்கு நடுவே. 1978இல் தேசியப் பூங்காவானது. அதை ஒட்டி ஆளுநர் மாளிகை, 1959இல் அந்தக் காட்டிலிருந்தே நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்ட ஐஐடி வளாகம். புள்ளிமான், வெளிமான், நரி எல்லாம் அங்கே உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்க நாம் அங்கே போக வேண்டும். இது என் தலைக்கு மேலேயே நடக்கிறது. இதை ஒழுங்காகப் பதிவு செய்து பார்க்கலாம் என்று அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

கோலமாவு

கேமரா வாங்குவதற்கு முன்னாலேயே தடம் எடுக்கப் பழகினேன். இப்போதும் யார் கேட்டாலும் அந்த வரிசையைத்தான் சொல்வேன். முதலில் மாவு, அப்புறம் கேமரா.

முதல் நாள் அரிசி மாவைச் சுவர் மேல் தூவினேன். விடிவதற்குள் எறும்புகள் பாதியைக் கொண்டுபோய்விட்டன, மீதியில் எறும்புக் கால் தவிர வேறெதுவும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கடையில் விற்கும் கல் கோலமாவு. இது அரைத்த கல், எறும்பு தொடாது. ஆனால் நேரடியாகத் தூவினால் கட்டி கட்டியாக விழும். டீ வடிகட்டியில் போட்டு விரலால் லேசாகத் தட்டி, காகிதத் தடிமனுக்குப் படிய வைக்க வேண்டும். தடிமன் கூடினால் கால் புதைந்து ஓரம் சரிந்துவிடும். சிமென்ட் சுவரில் வெள்ளை மாவு எடுப்பாகத் தெரியாததால், கீழ்வீட்டில் பழைய சமையல் மேடையிலிருந்து கழற்றிப் போட்டிருந்த இரண்டடிக் கடப்பா கல்லை வாங்கிச் சுவர் மேல் படுக்க வைத்தேன். கருப்புக் கல்லில் வெள்ளைப் பொடி. அதற்குப் பிறகு தடங்கள் அச்சடித்த மாதிரி விழுந்தன.

படம் எடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. வெயில் உச்சிக்கு வந்த பிறகு எடுத்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலை ஆறு மணிக்கு, டார்ச்சைக் கல்லோடு கல்லாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டால் ஒவ்வொரு விரலும் எழுந்து நிற்கும். பக்கத்தில் ஒரு 15 செ.மீ. பள்ளி அளவுகோல். நேர் மேலிருந்து ஒரு படம், சாய்வாக ஒரு படம். மார்கழிப் பனியில் ஆறரைக்கெல்லாம் பொடி ஈரம் குடித்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும்.

விரலை எண்ணினாலே பாதி வேலை முடிந்தது. பூனைக்கு நான்கு விரல், நகம் பதியாது. மரநாய்க்கு முன்னங்காலிலும் பின்னங்காலிலும் ஐந்து விரல், உள்ளங்கால் மெத்தை அகலமாகப் பதியும். கீரிக்கும் ஐந்துதான், ஆனால் விரல் நுனிக்கு முன்னால் நகத்தின் புள்ளி தனியாகத் தெரியும். பெருச்சாளிக்கு முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் ஐந்து. சில சமயம் வால் இழுபட்ட கோடும் நடுவே போகும். 2023 ஜனவரி முழுக்க 26 காலை தடம் பார்த்தேன். பூனை 17 நாள், மரநாய் 11 நாள், பெருச்சாளி 9 நாள். கீரி இரண்டே முறை.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது திசை. 11 நாளில் ஒன்பது நாள் மரநாய்த் தடம் ஒரே பக்கமாகப் போயிருந்தது. பக்கத்து வீட்டு ருமானி மாமரத்தின் கிளை எங்கள் சுவரைத் தொடுகிற மூலையில் ஆரம்பித்து, தொட்டியைச் சுற்றி, பின்பக்கச் சுவர் முனையில் முடிந்தது. அங்கிருந்து பின்வீட்டு நாவல் மரத்துக்கு ஓர் எட்டு. மாடி அதற்கு இரை தேடும் இடமே இல்லை, கடந்துபோகும் பாதை. இது புரிந்த பிறகு மரநாய் எப்போது வரும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, அதன் வழி எது என்று தேட ஆரம்பித்தேன். தெருவில் நடக்கும்போதுகூடக் கண் தானாக மேலே போகும். எந்த மரத்தின் எந்தக் கிளை எந்தச் சுவரைத் தொடுகிறது, எங்கே கேபிள் கட்டு தொங்குகிறது, எங்கே வழி அறுந்திருக்கிறது என்று.

கேமரா, வாழைப்பழம், ஒரு தவறு

பிப்ரவரியில் ட்ரெயில் கேமரா ஒன்று வாங்கினேன். உடல் சூட்டின் அசைவை உணர்ந்து தானாகப் படமெடுக்கும் வகை. எட்டு ஏஏ செல், ஒரு மெமரி கார்டு. இவற்றில் இரவுக்கு இரண்டு வகை அகச்சிவப்பு விளக்கு வரும். 850 நானோமீட்டர் வகையில் வெளிச்சம் தூரம் போகும், ஆனால் விளக்கு மங்கலான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரியும். 940 வகை தெரியவே தெரியாது, தூரம் குறைவு. வீட்டு மாடிக்கு நான்கைந்து மீட்டர் போதும் என்பதால் 940 எடுத்தேன். சுற்றியிருப்பவர்களுக்கும் இருட்டில் சிவப்புக் கண் மாதிரி எதுவும் தெரியாது.

முதல் வாரம் ஆர்வத்தில் தவறு செய்தேன். கேமரா முன்னால் இரண்டு வாழைப்பழம் வைத்தேன். மூன்றாம் இரவே மரநாய் வந்தது, படம் அருமையாக வந்தது. ஆறாம் இரவுக்குள் பெருச்சாளி இரண்டு, பூனை மூன்று, காலையில் காக்கைக் கூட்டம். எட்டாம் இரவு மரநாயும் ஒரு கடுவன் பூனையும் பழத்துக்காகச் சீறிக்கொண்டு நின்ற படம் பதிவானது. அதைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தச் சுவரில் அவை ஒன்றையொன்று தவிர்த்து வெவ்வேறு நேரத்தில் போய் வந்துகொண்டிருந்ததை ஜனவரித் தடங்களில் பார்த்திருந்தேன். அந்த ஏற்பாட்டை என் பழம்தான் குலைத்தது. அன்றோடு தீனி வைப்பதை நிறுத்தினேன். வழி தெரிந்தால் தீனியே தேவையில்லை. வழி தெரியாமல் தீனி வைத்து எடுக்கும் படம், அந்த விலங்கு எப்படி வாழ்கிறது என்பதை நமக்குச் சொல்லவும் சொல்லாது.

அடுத்த சிக்கல், படங்கள் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தன. கேமராவுக்கும் வெள்ளைச் சுவருக்கும் ஒன்றரை மீட்டர்தான் இடைவெளி. மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரியை விளக்கு வரிசை மேல் இரண்டு அடுக்கு ஒட்டினேன். வெளிச்சம் பரவி, கண்ணும் மீசையும் தெளிவாகத் தெரிந்தன. லென்ஸையும் உணர்கருவியையும் மூடாமல் ஒட்ட வேண்டும். மிக நெருக்கத்தில் படம் மங்கும் என்பதால் கேமராவையும் தண்ணீர்க் குழாயிலிருந்து கழற்றி, இரண்டரை மீட்டர் தள்ளிக் கொட்டகைத் தூணில் பழைய சைக்கிள் ட்யூபால் கட்டினேன். நைலான் கயிறு வெயிலில் தளர்ந்து கேமரா தலைகுனிந்துவிடும். ட்யூப் தளராது.

எறும்பு இங்கேயும் வந்தது. செல் வைக்கும் அறைக்குள் முட்டையோடு குடியேறிவிட்டது. தூணில் கேமராவுக்கு மேலும் கீழும் விளக்கெண்ணெய் தடவிய துணிப்பட்டை சுற்றிய பிறகு நின்றது. பத்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தொட்டுவைக்க வேண்டும்.

கேமரா எதைப் பார்க்கிறது என்பதில் அக்கம்பக்கத்துக்குச் சந்தேகம் வருவது நியாயம். எதிர்வீட்டு அக்கா கேட்டபோது மேலே கூட்டிவந்து திரையைக் காட்டினேன். படத்தின் ஓரத்தில் அவர்கள் வீட்டு ஜன்னல் விளிம்பு விழுந்தது. அங்கேயே கேமராவைக் கீழே சாய்த்து, லென்ஸ் மூடியின் மேல்பக்கம் கருப்பு டேப் ஒட்டி அந்தப் பகுதியை மறைத்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். இப்போது அந்த அக்காதான், “நேத்து எத்தனை மணிக்கு வந்துச்சு?” என்று முதலில் விசாரிப்பவர்.

மே மாதம்: தடம் இருக்கிறது, படம் இல்லை

ஏப்ரல் கடைசியிலிருந்து கேமராவில் மரநாய் குறைந்தது. மே முதல் இரண்டு வாரத்தில் மூன்றே படம். மாம்பழக் காலத்தில், அதுவும் ருமானி மரம் பக்கத்திலேயே காய்த்துத் தொங்கும்போது, வராமல் இருக்குமா? கடப்பா கல்லில் மறுபடி மாவு சலித்தேன். அடுத்த எட்டு காலையில் ஆறு நாள் மரநாய்த் தடம். அந்த ஆறில் கேமரா பிடித்தது ஒன்றை மட்டும். மாவு இல்லாமல் கேமராவை மட்டும் நம்பியிருந்தால், ‘கோடையில் மரநாய் இடம் மாறிவிடுகிறது’ என்று நோட்டில் எழுதி வைத்திருப்பேன்.

காரணம் இதுதான். இந்தக் கேமராவின் உணர்கருவி சூட்டை அளப்பதில்லை, பின்னணியின் சூட்டுக்கும் அதன் முன்னால் நகரும் பொருளின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் உணர்கிறது. மே மாத மொட்டை மாடி, பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கும். செருப்பில்லாமல் நடக்க முடியாது. அந்தச் சுவரின் சூடும் ரோமம் போர்த்திய விலங்கின் மேற்பரப்புச் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால் உணர்கருவிக்கு எதுவும் நகரவில்லை என்றுதான் தோன்றும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் சுவர் ஆறிய பிறகு எடுத்த படங்கள் மட்டும் விழுந்ததற்கும் அதுவே காரணம்.

இரண்டு மாற்றம் செய்தேன். கேமராவைச் சுவரைப் பார்க்காமல் மாங்கிளையைப் பார்க்கத் திருப்பினேன். இலைகள் சிமென்ட்டைப் போலச் சூட்டைத் தேக்கி வைப்பதில்லை. அப்புறம் மாலை ஏழிலிருந்து பத்து மணி வரை மட்டும், உணர்கருவியை நம்பாமல் நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி வைத்தேன். இரவுக்கு 180 படம் கூடுதலாகப் பார்க்க வேண்டும், செல்லும் சீக்கிரம் தீரும். ரீசார்ஜ் செய்யும் செல்லுக்கு மாறியது அப்போதுதான். இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டேன். அதற்குப் பிறகு வந்த 14 இரவில் 10 இரவு மரநாய் பதிவானது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இதனால் மூன்று வாரப் பதிவு பாழானது. செல் மாற்றும்போது கேமராவின் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அந்தப் படங்களில் விலங்கு இருக்கிறது, நேரம் இல்லை. இப்போது ஒவ்வொரு முறையும் செல் மாற்றியதும் கைபேசியின் கடிகாரத்தைக் கேமரா முன்னால் காட்டி முதல் படம் எடுத்துவிடுகிறேன். கேமராவின் நேரம் தப்பாக இருந்தாலும் அந்த ஒரு படத்தை வைத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளலாம்.

கழிமுகத்தில் ஒரு மாலை

ஆடி, ஆவணியில் மாடியை விட்டுக் கொஞ்சம் வெளியே போனேன். அடையாறு ஆறு கடலில் சேரும் இடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். தென்கரையில் தியாசபிகல் சொசைட்டியின் தோட்டம். 1882இலிருந்து அவர்கள் வசம் இருப்பதால் அந்த மரங்கள் தப்பின. ஆற்றின் குறுக்கே 1977இல் இடிந்த பாலம் இன்னும் பாதியில் நிற்கிறது. அந்தப் பக்கம் நரி இருக்கிறது என்று மீன்பிடிக்கும் அண்ணன் ஒருவர் சொன்னார். “பாக்கணும்னு வராதீங்க தம்பி, கேக்கணும்னு வாங்க” என்றார்.

நான்கு மாலை ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது மாலை, ஏழு மணி இருக்கும், பாலத்துப் பக்கம் ஆம்புலன்ஸ் ஒன்று சைரனோடு போனது. அது தேய்ந்து மறைவதற்குள் மரக்கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் நீளமாக எழுந்தது. அடுத்து இன்னொன்று, அப்புறம் மூன்று நான்கு சேர்ந்து உடைந்து உடைந்து ஊளையிட்டன. அரை நிமிடம்தான். எதிரே அடுக்குமாடிகளின் விளக்கு, கடற்கரையில் சுண்டல் விற்கும் சத்தம், நடுவே அந்த ஊளை. கையிலிருந்த கைபேசியில் பதிவு செய்யத் தோன்றவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த அண்ணன் வலையை மடித்துக்கொண்டே சிரித்தார்.

அந்த மாதங்களில் பழந்தின்னி வௌவாலையும் எண்ணிப் பழகினேன். இது எளிது, கருவி தேவையில்லை. மேற்கு வானம் வெளுப்பாக இருக்கும் கால் மணி நேரம்தான் பொழுது. இருவர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம், நிமிடத்துக்கு நிமிடம் எண்ணி எழுத வேண்டும். சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் என்பதால் காக்கையோடு குழம்ப வழியில்லை. மெல்ல, துடுப்புப் போடுவது போலப் போகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. இரவில் பூக்கும் எத்தனை மரங்களுக்கு இது மகரந்தம் சுமக்கிறது என்று தெரிந்த பிறகு அதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. நெட்டிலிங்க மரம் உள்ள வீட்டுக்காரர்கள் சுவரில் தெறித்த கறையைப் பார்த்துத் திட்டுவார்களே, அது சின்ன வௌவால் பழம் தின்ற கறை. நெட்டிலிங்கக் கொட்டையை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவதும் அதுதான்.

வெட்டுக்காதி

அக்டோபர் 11, இரவு 7.52. மாங்கிளையில் பெரிய மரநாய் ஒன்று, பின்னால் இரண்டு குட்டி. பெரியதன் இடது காது நுனியில் சின்ன வெட்டு. பிப்ரவரிப் படங்களைத் திரும்பப் புரட்டினேன். அதே வெட்டு. எட்டு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் இந்த ஒருத்தியைத்தான். நோட்டில் அவளுக்கு வெட்டுக்காதி என்று பெயர் எழுதினேன்.

குட்டி பிறந்த இடம் பின்வரிசையில் ஒரு பழைய வீட்டின் ஃபால்ஸ் சீலிங். அந்த வீட்டுக்காரர் பூச்சிமருந்து அடிப்பவரைக் கூப்பிட, அவர், “கூண்டு வெச்சுப் பிடிச்சு வெளியில விட்டுடலாம் சார்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கீழ்வீட்டு அம்மா மூலம் எனக்குத் தகவல் வந்து, படங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். மரநாய் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு, வனத்துறை அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். அதைவிட, தாயை மட்டும் பிடித்தால் குட்டிகள் சீலிங்குக்குள்ளேயே செத்துப்போகும். இதைச் சொன்னதும் அவர் உடனே ஒப்புக்கொண்டார். குட்டிகள் தாயோடு வெளியே சுற்ற ஆரம்பித்துவிட்டதைப் படத்தில் காட்டி, இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். நவம்பர் நடுவில், மூன்றும் வெளியேறியதை இரண்டு மாலை கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, நுழைவாயிலில் மாவு தூவி இரண்டு நாள் உள்ளே போகும் தடம் இல்லை என்பதையும் பார்த்த பிறகு, பகலில் கம்பிவலை அடித்தோம். சீலிங் பிரச்சினைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அவசரப்பட்டு முதலில் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. கேமராவை முந்தின நாளே கழற்றி வைத்துவிட்டேன். மழை விட்ட பிறகு இரண்டு இரவு தெருவில் கரண்ட் இல்லை. மாடியில் உட்கார்ந்திருந்தேன். வெட்டுக்காதி 6.40க்கே கிளையில் வந்து நின்றாள். அதுவரை ஏழரைக்கு முன்னால் அவளைப் பார்த்ததில்லை. மரநாய் நிலா வெளிச்சத்தில் நடமாட்டத்தைக் குறைக்கும். என் பதிவிலும் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் படம் குறைவு. தெருவிளக்கும் அவளுக்கு அப்படித்தானோ என்று அந்த இருட்டில் தோன்றியது. இரண்டு இரவை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் அன்றைக்கு அடுத்த நாளே எங்கள் மாடி விளக்கை நிறுத்திவிட்டு, மனிதர் வந்தால் மட்டும் எரியும் விளக்காக மாற்றிப் போட்டேன்.

கயிறு

2024 ஜனவரியில் பக்கத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். 2016 வர்தா புயலில் நின்ற ருமானி மரம் ஒரே காலையில் போனது. மரம் அறுக்கும் சத்தத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், வெளியே போகவில்லை. அதன் பிறகு 19 இரவு கேமராவில் மரநாய் இல்லை. மாவிலும் இல்லை. இருபதாம் நாள் காலை எதிர்வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார்: தெருவின் சிமென்ட் சாலையோரச் சேற்றில் ஐந்து விரல் தடம். வழி அறுந்ததும் தரையில் இறங்கியிருந்தது. நாயும் வண்டியும் திரியும் தரையில்.

வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேல் மரத்துக்கு மரம் கட்டிய பாலங்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும் நம் மாடிக்கு ஒன்று கட்டலாம் என்று தோன்றியது. தெருக்கோடியில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை எங்கள் கொட்டகைக்கு 6 மீட்டர் தூரத்தில் இருந்தது. முதலில் நைலான் கயிறு கட்டினேன். அணில்கூடத் தயங்கித் தயங்கித்தான் ஏறியது. வழுக்கல், பகலில் கொதிக்கிறது. கழற்றிவிட்டு, பாரிமுனையில் கயிற்றுக்கடையில் மணிக்கட்டுத் தடிமனுள்ள தேங்காய்நார் வடம் 9 மீட்டர் வாங்கினேன். பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை, மரமேறத் தெரிந்த ஓர் அண்ணனோடு சேர்ந்து கட்டினோம்.

கட்டுபவர்களுக்குச் சில விஷயம். மின்கம்பி எதுவும் இரண்டு மீட்டருக்குள் இருக்கக் கூடாது, இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். கேபிள் டிவி ஒயரோடும் உரசக் கூடாது. கிளையில் நேரடியாக முடிச்சுப் போட்டால் பட்டை அறுந்து கிளை பட்டுவிடும். சைக்கிள் ட்யூபைச் சுற்றி, மூன்று விரல் நுழையும் அளவு தளர்த்தி வளையமாகப் போட வேண்டும். காற்றில் கிளை ஆடும், அதனால் வடத்தை இறுக்காமல் நடுவில் ஒரு சாண் தொய்வு விட வேண்டும். நார் வடம் மழையில் ஊறி நீளும், ஓரிரு வருஷத்தில் இற்றுப்போகும். அதனால் ஒவ்வொரு புரட்டாசியிலும் கையால் தடவிப் பார்த்து மாற்றியாக வேண்டும். மரம் பொது இடத்தில் இருந்தால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

அணில் இரண்டாம் நாளே ஏறியது. பதினொன்றாம் நாள் பகலில் நாட்டுக் குரங்கு ஒன்று வடத்தைப் பிடித்து இழுத்துச் சோதித்துவிட்டுப் போனது. பூனை முனை வரை வந்து திரும்பியது. மார்ச் முழுக்க மாவில் எலித்தடம் மட்டும்.

ஏப்ரல் 5, 47ஆம் இரவு, விடியற்காலை 4.41. வரிசையாக ஏழு படம். முதல் படத்தில் தூங்குமூஞ்சிக் கிளையில் இரண்டு கண் மட்டும் பளிச்சென்று. அடுத்ததில் முன்னங்கால் இரண்டும் வடத்தின் மேல். நடுவில் தொய்வுக்கு வந்ததும் வால் நேராகக் கீழே தொங்கி, உடம்பு வடத்தோடு ஒட்டியிருக்கிறது. ஐந்தாம் படத்தில் தலை நிமிர்ந்து கேமரா பக்கம். இடது காது நுனியில் வெட்டு.

காலையில் கீழ்வீட்டு அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். “குட்டிங்க எங்க தம்பி?” என்று கேட்டார். இந்நேரம் அவை தனியாகப் பிரிந்து போகிற வயசு என்றேன். அன்று மாலை இரண்டாவது கேமராவைத் தூங்குமூஞ்சி மரத்துப் பக்கம் கட்டினேன்.